இருத்தல், இரங்கல், மின்சாரக் கார்

மின்சாரக் கார் ஒன்றுக்கு முன்பணம் கட்டி ஐந்தாம் மாதம் நடக்கிறது. கட்டிய தொகை ₹21,000. ஆறிலிருந்து எட்டு வாரங்களுக்குள் வண்டி கைக்கு வரும் என்று அன்று வாய்மொழியாகச் சொன்னார்கள். எந்த நிறுவனம், எந்த ஊர் விற்பனையகம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். என் வழக்கை வாசகர்முன் வைத்து வாதாடுவது நோக்கமன்று. ஆனால் இந்த ஐந்து மாதங்களில் எனக்கு ஒன்று தெளிவாகியிருக்கிறது. வண்டிக்கு விலை பேசுகிறோம், வட்டிக்குப் பேரம் பேசுகிறோம், தரைவிரிப்பும் மழைத்தடுப்பும் இலவசமாகத் தருவார்களா என்று கேட்கிறோம். காத்திருப்பை மட்டும் நிபந்தனை ஏதுமின்றி வாங்கிக்கொள்கிறோம். அதற்கும் ஒரு விலை உண்டு என்பதே நினைவுக்கு வருவதில்லை.

காத்திருத்தலைப் பற்றிப் பேசத் தமிழ் படித்தவனுக்குக் கொஞ்சம் உரிமை உண்டென்று நினைக்கிறேன். உலக இலக்கியங்களில் காத்திருப்பு எங்கும் உண்டு. அதற்கென்று ஒரு நிலத்தையே ஒதுக்கி, பொழுதும் பூவும் வகுத்துக் கொடுத்த மரபு நம்முடையது. முல்லையின் உரிப்பொருளுக்குத் தொல்காப்பியம் வைத்த பெயர் இருத்தல். காத்திருத்தல் என்றுகூட இல்லை, வெறும் இருத்தல். நெய்தலுக்கு இரங்கல். இவ்விரண்டையும் மாணவர்கள் எப்போதும் குழப்பிக்கொள்வார்கள். இரண்டிலும் ஒருத்தி ஒருவனை எதிர்பார்த்திருக்கிறாள், பிறகு என்ன வேறுபாடு என்பார்கள். உரையாசிரியர்கள் பலபடப் பேசியிருந்தாலும் வகுப்பறையில் நான் சுருக்கிச் சொல்வது இதுதான்: முல்லையில் ஒரு கெடு உண்டு. கார்காலம் தொடங்கும்போது வருவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். நெய்தலில் அப்படி உறுதியான கெடு இல்லை. கடலும் மாலையும்தான் எதிரே இருக்கின்றன. கெடு உள்ள காத்திருப்பு இருத்தலாகவும், கெடு இல்லாதது இரங்கலாகவும் ஆகிவிடுகிறது.

முல்லைப் பாடல்களில் இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. காத்திருப்பவள் மட்டும் அங்கே பேசுவதில்லை. வினைமுடித்து மீளும் தலைவன் தேர்ப்பாகனிடம் விரைந்து செலுத்தச் சொல்லும் பாடல்கள் ஏராளம். சென்றவனும் அதே கெடுவினால் கட்டுண்டிருக்கிறான்; பருவம் தவறிவிடுமோ என்ற பதற்றம் அவனுக்கும் இருக்கிறது. அந்தப் பதற்றம் இரு பக்கமும் இருப்பதால்தான் முல்லைக் காத்திருப்புக்கு ஒரு கண்ணியம் வாய்த்தது. நாம் அந்தக் கண்ணியத்தைப் படித்து வளர்ந்தவர்கள். பொறுமையாயிருப்பது பெருந்தன்மை என்று எண்ணிப் பழகிவிட்டோம். விற்பனையகத்தின் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்துகொண்டு அதே பெருந்தன்மையைக் காட்டினால், எதிரே பதறுகிறவர் எவரும் இல்லை.

குறுந்தொகை 66ஆம் பாடல் கோவர்த்தனார் பாடியது. கொன்றை பூத்துவிட்டது, அவன் வரவில்லை. தலைவி கலங்குகிறாள். தோழி சொல்கிறாள்: இது கார்காலமே அன்று, காலமல்லாத காலத்தில் பெய்த மழையைக் கார் என்று தப்பாக எண்ணி இந்த அறிவற்ற கொன்றை மரங்கள் பூத்துவிட்டன. பருவமன்றென்று வற்புறுத்தல் என்பது துறை. ஒவ்வோர் ஆண்டும் இந்தப் பாடலை நடத்தும்போது வகுப்பில் ஒரு சிரிப்பு எழும். இந்த ஆண்டு எனக்கும் சிரிப்பு வந்தது, வேறு காரணத்துக்காக.

விற்பனையகத்தில் என் கோப்பைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர் எங்கள் கல்லூரியில் வணிகவியல் படித்தவர். என்னிடம் பகுதி ஒன்று தமிழ் இரண்டு பருவங்கள் படித்திருக்கிறார். எட்டு வாரம் முடிந்ததும் அழைத்தேன். "சார், உங்க வண்டி அலாட் ஆயிடுச்சு சார். நீங்க எடுத்த கலர் மட்டும் அடுத்த லாட்ல வருது" என்றார். பன்னிரண்டாம் வாரம், "ஆடி முடியட்டும் சார், நீங்களே ஆடியில எடுக்க மாட்டீங்க" என்றார். பதினாறாம் வாரம் துறைமுகத்தில் ஏதோ உதிரிபாகம் நிற்பதாகச் சொன்னார். எட்டு வாரம் என்று நான் எண்ணியதே தவறான கணக்கு, இன்னும் பருவம் வரவில்லை என்று அவர் எனக்கு மெல்ல நிறுவிக்கொண்டிருந்தார். தோழியின் பணியை அவர் குறையின்றிச் செய்கிறார். ஆனால் தோழியின் பொய் அன்பிலிருந்து பிறந்தது. அவள் உடனிருந்து தானும் துன்புறுகிறாள். இவருடைய பொய் மேலிடத்திலிருந்து எழுதித் தரப்பட்டது. வண்டி கைமாறினால்தான் அவருக்கு ஊக்கத்தொகை என்பதைப் பின்னர் தெரிந்துகொண்டேன். எனவே அவரும் காத்திருக்கிறார். நிறுவனத்துக்கும் எனக்கும் நடுவே, இருபத்து நான்கு வயதில், தன் பழைய ஆசிரியரிடம் வாரந்தோறும் ஒரு பொய்யைச் சொல்ல வேண்டிய நிலையில் ஒரு பையனை நிறுத்தியிருக்கிறார்கள். தாமதத்தைவிட எனக்கு உறுத்துவது இதுதான். "தம்பி, தெரியாதுன்னே சொல்லுங்களேன்" என்று ஒருமுறை கேட்டேன். "அப்படிச் சொல்லக் கூடாது சார்" என்றார்.

காத்திருப்பு நீளும்போது மனிதர்கள் நிமித்தம் பார்க்கத் தொடங்குகிறார்கள். முல்லைப்பாட்டில் பெருமுது பெண்டிர் மாலையில் நெல்லும் முல்லையும் தூவி விரிச்சி கேட்டு நிற்பார்கள். தாயைப் பிரிந்த கன்றைப் பார்த்து, இதோ வந்துவிடுவர் என்று ஓர் இடைக்குலச் சிறுமி சொல்லும் சொல்லை நற்சொல்லாகக் கொள்வார்கள். இன்று முன்பதிவு செய்தவர்கள் பார்ப்பது பதினேழு எழுத்தெண்கள் கொண்ட வாகன அடையாள எண்ணை. அந்த எண் ஒதுக்கப்பட்டுவிட்டதா, அதில் பத்தாவதாக நிற்கும் எழுத்து எந்த ஆண்டைக் குறிக்கிறது, கார்களை ஏற்றிவரும் நீள லாரி சுங்கச்சாவடியைத் தாண்டிவிட்டதா என்றெல்லாம் ஆராய்கிறார்கள். என்னைப்போல் முன்பணம் கட்டிய வங்கி ஊழியர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் விற்பனையகத்தின் வாகனக் கிடங்கு வரை நடைப்பயிற்சி போய் வேலிக்கு வெளியிலிருந்து எண்ணிப் பார்க்கிறார். எண்ணிக்கை கூடினால் அன்று அவருக்கு நல்ல நாள். பெருமுது பெண்டிரைப் பழமையில் ஊறியவர்கள் என்று நினைக்கும் என் மாணவர்களுக்கு இவரை அறிமுகப்படுத்த வேண்டும்.

"அந்தக் காலத்தில் இப்படியா?" என்று ஒரு பேச்சு உடனே எழும். அந்தக் காலத்தில் இதைவிட மோசம். என் தந்தையார் தொடக்கப்பள்ளி ஆசிரியர். அவர் ஒரு ஸ்கூட்டருக்குப் பதிந்தபோது நான் பிறக்கவில்லை. வண்டி வந்தபோது நான் அதன் முன்பக்கம் நின்று பயணம் செய்யும் வயதை அடைந்திருந்தேன். உரிமம் பெற்ற அளவுக்குமேல் எந்தத் தொழிற்சாலையும் உற்பத்தி செய்யக் கூடாது என்றிருந்த காலம் அது. பற்றாக்குறையை அரசே திட்டமிட்டு உண்டாக்கி, பிறகு வரிசையையும் அரசே ஒழுங்குபடுத்தியது. பதிவுச் சீட்டு கைமாறி விலைபோனது. சிபாரிசுக் கடிதங்கள் வரிசையைத் தாண்டிக் குதித்தன. காத்திருந்தவனை விட்டுவிட்டு நேற்று வந்தவனுக்குக் கிடைத்தது என்ற புலம்பல் அன்று வீட்டுக்கு வீடு கேட்கும்.

1983இல் மாருதி முன்பதிவைத் திறந்தபோது ₹10,000 கட்டி லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 14 அன்று முதல் காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி டெல்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங் என்பவரிடம் கொடுத்தார். அந்தப் படத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். அதில் உள்ள மகிழ்ச்சி ஒரு பொருளை வாங்கியவரின் மகிழ்ச்சி போலவே இல்லை. விடுதலையான ஒருவரின் மகிழ்ச்சி போலிருக்கிறது. ஆனால் அன்றைய வரிசையில் ஒன்று இருந்தது. அதில் நிற்பவனுக்கு ஓர் எண் இருந்தது. ஏமாற்றப்பட்டாலும் எதற்குப் பின்னால் எது வரவேண்டும் என்பது எழுத்தில் இருந்தது. அதைக் காட்டிச் சண்டையிட முடிந்தது. தந்தையார் தம் வரிசை எண்ணைச் சாகும்வரை நினைவில் வைத்திருந்தார். என்னிடம் இருப்பது முன்பதிவு எண். அது வரிசையில் என் இடத்தைச் சொல்லாது. எனக்கு முன்னால் எத்தனை பேர் என்று கேட்டேன். அப்படி ஒரு பட்டியல் இல்லை என்றார்கள்.

இன்றைய தாமதத்துக்கு உண்மையான காரணங்களும் இருக்கின்றன, அவற்றை மறைப்பது நேர்மையாகாது. 2021, 2022இல் உலகெங்கும் குறைகடத்திச் சில்லுகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது எல்லா வகைக் கார்களும் மாதக்கணக்கில் தாமதமாயின. 2025 ஏப்ரல் 4 அன்று டிஸ்ப்ரோசியம், டெர்பியம் உள்ளிட்ட ஏழு அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்தது. மின்சாரக் காரின் மோட்டாரில் உள்ள நிலைக்காந்தம் வெப்பத்தில் காந்தத் தன்மையை இழக்காதிருக்க இவை வேண்டும். கைப்பிடி அளவுப் பொருள்தான். அது வராவிட்டால் ஒன்றரை டன் வண்டி நகராது. இந்தியாவில் இரு சக்கர வாகனம் செய்வோர் வரை அதன் அடி விழுந்தது. மின்கலங்களின் செல்களுக்கும் நாம் பெரும்பாலும் வெளிநாட்டையே நம்பியிருக்கிறோம். இவையெல்லாம் எந்தக் கல்லூரி ஆசிரியருக்கும் புரியக்கூடிய செய்திகள்தாம். புரியும்படி சொன்னால் காத்திருப்போம். சொல்லாமல் ஆடிமாதத்தின் தலையில் பழியைப் போடுவதுதான் வேடிக்கை.

காரணங்களுக்கு அப்பால் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. காத்திருப்பவர்களின் எண்ணிக்கையே விளம்பரமாகிவிட்டது. பழைய நாளில் நீண்ட வரிசை என்பது தொழிற்சாலைக்கு வெட்கம். நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்பார்கள். 2025 பிப்ரவரி 14 அன்று மஹிந்திரா தன் இரண்டு மின்சாரக் கார்களுக்கு முன்பதிவைத் திறந்தது. முதல்நாளில் 30,179 பதிவுகள், மதிப்பு ₹8,472 கோடி என்று நிறுவனமே அறிவித்தது. செய்தித்தாள்கள் அதை வெற்றியாகக் கொண்டாடின. அந்த நிறுவனம் அடுத்த மாதமே வண்டிகளைக் கொடுக்கத் தொடங்கியது, அது வேறு. நான் சொல்ல வருவது, வண்டி ஒன்றுகூட வீதிக்கு வராத நாளில் வரிசையே சாதனையாக எண்ணப்படுவதைப் பற்றி.

இந்தக் கலையை உலகுக்குக் கற்றுக்கொடுத்தது டெஸ்லா. 2016 மார்ச் 31 அன்று மாடல் 3 காரை அறிமுகப்படுத்தினார்கள். ஆயிரம் டாலர் கட்டினால் பதிவு. ஒரு வாரத்தில் 3,25,000 பேர் கட்டினார்கள். கணக்குப் போட்டால் 32.5 கோடி டாலர், அதுவும் வட்டியில்லாமல். 2017 நவம்பரில் புதிய ரோட்ஸ்டர் விளையாட்டுக் காரைக் காட்டி 50,000 டாலர் முன்பணம் கேட்டார்கள். முதல் ஆயிரம் வண்டிகளுக்கு முழு விலையான இரண்டரை லட்சம் டாலரையும். 2020இல் வரும் என்றார்கள். 2025 முடியும்வரை ஒருவருக்கும் வரவில்லை. வாங்கியவர்கள் பெரும் செல்வந்தர்கள், அவர்களுக்காக நாம் கண்ணீர் விட வேண்டியதில்லை. ஆனாலும் கெடுவைத் தள்ளிப்போடுவதில் தலைவனுக்கு எந்த இழப்பும் இல்லாத ஒரு பிரிவு எப்படியிருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

மாடல் 3 அறிமுகமானபோது இந்தியர்கள் சிலரும் ஆயிரம் டாலர் கட்டினார்கள். அன்று அது ஏறத்தாழ ₹66,000. இறக்குமதி வரி, உள்நாட்டுக் கொள்முதல் விதிகள், தொழிற்சாலை எங்கே என்ற பேரம் என்று ஆண்டுகள் ஓடின. 2025 மே மாதத்தில், பதிவுத் தொகையைத் திருப்பித் தருவதாக டெஸ்லாவிடமிருந்து அவர்களுக்கு மின்னஞ்சல் வந்தது. அதே ஆண்டு ஜூலை 15 அன்று மும்பையில் விற்பனையகம் திறந்தது. விற்றது மாடல் 3 அன்று, ஏறத்தாழ ₹60 லட்சம் விலையில் மாடல் ஒய். ஒன்பது ஆண்டுகளுக்கு அந்த ஆயிரம் டாலருக்கு வட்டி கிடையாது. இருப்பினும் டாலராகத் திரும்பியிருந்தால் அது ரூபாயில் ₹85,000ஐ ஒட்டி வந்திருக்கும். அவர்களுக்கு வட்டி கொடுத்தது ரூபாயின் சரிவு.

மின்சாரக் காருக்கு மட்டுமே உரிய இன்னொரு சிக்கல் உண்டு. பெட்ரோல் காருக்குக் காத்திருந்தவன் விலை ஏறிவிடுமே என்று அஞ்சினான். மின்சாரக் காருக்குக் காத்திருப்பவன் விலை இறங்கிவிடுமே என்று அஞ்சுகிறான். மின்கலத் தொகுதியின் உலகச் சராசரி விலை ஒரு கிலோவாட் மணிக்கு 2023இல் 139 டாலர், 2024இல் 115 டாலர் என்று ப்ளூம்பெர்க் ஆய்வுப்பிரிவு கணக்கிட்டது. ஒரே ஆண்டில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சரிவு. 2024 பிப்ரவரியில் டாடா நிறுவனம் செல்களின் விலை குறைந்ததைச் சொல்லி நெக்ஸான் மின்சாரக் காரின் விலையை ₹1,20,000 வரை குறைத்தது. ஜனவரியில் எடுத்தவர் என்ன நினைத்திருப்பார்? 2025 செப்டம்பர் 22 அன்று சிறிய பெட்ரோல் கார்களின் சரக்கு சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18ஆக இறங்கியது. மின்சாரக் காருக்கு முன்போலவே 5. காத்திருக்கும்போதே கணக்கு மாறிவிடுகிறது. இதனால் என் நண்பர்களில் பாதிப்பேர் இன்னொரு காத்திருப்பில் இருக்கிறார்கள்: அடுத்த மின்கலம் வரட்டும், அதற்கடுத்தது வரட்டும் என்று பதியாமலேயே காத்திருப்பவர்கள். இவர்களை எந்தத் திணையில் சேர்ப்பது என்று தெரியவில்லை. பெருந்திணையாக இருக்கலாம்.

வண்டி மனிதனுக்காகக் காத்திருந்த காலமும் ஒன்று உண்டு. 1993இல் லவ்பேர்டு என்ற இரண்டு இருக்கை மின்சாரக் கார் டெல்லிக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. ஜப்பானிய யாஸ்காவா நிறுவனத்தின் தொழில்நுட்பத் துணையுடன் சாலக்குடியிலும் நம் கோயம்புத்தூரிலும் தயாரானது. சொற்பமே விற்றன. பெயரை வைத்தே குறிஞ்சித் திணை என்று சொல்லிவிடலாம். ஆனால் அன்று தலைவன் குறியிடத்துக்கு வந்து நின்றும் தலைவி வரவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். நிறுவனங்கள் வைப்புத்தொகை பெறுவதற்கான 2014ஆம் ஆண்டு விதிகளின்படி, பொருள் தருவதற்காக வாங்கும் முன்பணத்தை 365 நாட்களுக்குள் அந்தப் பொருளுக்கு ஈடு செய்துவிட்டால் அது வைப்புத்தொகையாகக் கருதப்படாது. அதாவது ஓராண்டு வரை வாங்கியவன் பணம் வட்டியின் பேச்சே இல்லாமல் அங்கே கிடக்கலாம். விதியை எழுதியவர்களின் நோக்கம் வணிகத்துக்கு மூச்சுவிட இடம் கொடுப்பது. நியாயம்தான். ஆனால் அதே ஓராண்டில் வாங்குபவனுக்கு நேர்வது எதற்கும் அங்கே இடமில்லை. வங்கி தந்த கடன் அனுமதி காலாவதியாகிறது, மறுபடி சம்பளச் சான்று, மறுபடி கையெழுத்து. வீட்டில் மின்னேற்றிக்காகக் கூடுதல் மின்பளு வாங்கி, தரையிணைப்புக்குக் குழி தோண்டி, சுவரில் பெட்டி மாட்டியாயிற்று. அதில் இப்போது பல்லி குடியிருக்கிறது. என் பழைய பெட்ரோல் காருக்குப் பதினைந்து ஆண்டு நிறைந்துவிட்டது. பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து ₹600 அன்று, ₹5,000. புதுப்பித்தால் ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும். சில மாதக் காத்திருப்புக்காகச் சில மாதத்துக்கு மட்டும் புதுப்பிக்கும் வழி கிடையாது. கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு நாற்பது கிலோமீட்டர் பேருந்தில் நின்றுகொண்டு போகிறேன். அதில் பெரிய துன்பம் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அப்படித்தான் போனேன். துன்பம் இருப்பது, இது எத்தனை நாளைக்கு என்று சொல்ல ஒருவரும் கடமைப்படாததில்.

இதற்குத் தீர்வு கடினமானது என்று நான் நம்பவில்லை. முன்பணம் வாங்கும் ரசீதில் தேதி எழுத வேண்டும். அந்தத் தேதி தவறினால் அன்றிலிருந்து வட்டி ஓட வேண்டும், குறைந்தது அஞ்சலகச் சேமிப்புக் கணக்கின் வட்டியாவது. வரிசையில் என் இடம் எது என்பதை நான் கேட்டால் காட்ட வேண்டும். வண்டியை விரைவில் கொடு என்று கேட்கவில்லை. கெடுவைச் சொல், அதற்குக் கட்டுப்படு என்பதுதான் கோரிக்கை. வீடு கட்டி விற்பவர்கள் இதைவிடப் பெரிய பொய்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2016ஆம் ஆண்டு நிலவுடைமைத் துறை ஒழுங்குமுறைச் சட்டம் வந்தபின் ஒப்படைக்கும் தேதியைப் பதிவுசெய்யவும், தவறினால் வட்டி தரவும் அவர்களுக்குக் கடமை ஏற்பட்டது. அச்சட்டம் எல்லா இடத்திலும் சரிவர நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் கையில் காட்டிக் கேட்க ஒரு தேதி கிடைத்தது. காருக்கு மட்டும் ஏன் கூடாது?

அகநானூற்றின் நான்காம் பாடலில், குறுங்குடி மருதனார் பாடியது, தலைவனின் தேர் ஓசையின்றி வரும். சோலையில் துணையோடு இருக்கும் வண்டுகள் வெருண்டுவிடக் கூடாதென்று தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறானாம். மின்சாரக் காரின் முதல் பெருமையாக அந்த ஓசையின்மையைத்தான் விளம்பரங்கள் சொல்கின்றன. (ஓசையே இல்லாவிட்டால் சாலையில் நடப்பவர்களுக்கு ஆபத்து என்று ஐரோப்பாவில் 2019 முதல் செயற்கை ஒலி எழுப்பச் சொல்லிவிட்டார்கள், வண்டுகளுக்கான கரிசனம் அங்கே எடுபடவில்லை.) பாடலைச் சொல்பவள் தோழி. அவன் வருகிறான், இன்னின்னவாறு வருகிறான் என்று பருவத்தைக் காட்டித் தலைவியைத் தேற்றுகிறாள். மணியின் நாவைக் கட்டியது வீட்டில் இருக்கும் தோழிக்கு எப்படித் தெரியும் என்று ஒரு மாணவி சில ஆண்டுகளுக்கு முன் கேட்டார். அவன் அப்படிப்பட்டவன் என்று அவளுக்குத் தெரியும், அதனால் சொல்கிறாள் என்றேன். வற்புறுத்தல் என்ற சொல்லுக்கே அதுதான் பொருள். வலியுறுத்துபவருக்குத் தாம் சொல்வதில் நம்பிக்கை இருக்க வேண்டும்.

என்னுடைய பழைய மாணவரைத் தொந்தரவு செய்ய மனமில்லாமல், சென்ற வாரம் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கே நேராக எழுதினேன். ஒப்படைக்கும் தேதி, வரிசையில் என் இடம், தாமதமானால் முன்பணத்துக்கு வட்டி உண்டா என்ற மூன்றையும் எண்ணிட்டுக் கேட்டிருந்தேன். இரண்டு நாளில் பதில் வந்தது. என் பொறுமைக்கு நன்றி தெரிவித்திருந்தார்கள்.